பதினேழு வண்டியிலும் மண்ணெண்ணெய்

“தங்களது உத்தரவாதக் கோரிக்கை நிராகரிக்கப்படுகின்றது என்பதை மகிழ்ச்சியுடன் அறியத்தருகின்றோம்.”

நஸ்ரி கடிதத்தை உரக்க வாசித்துவிட்டு நிமிர்ந்தான். “மகிழ்ச்சியுடனாம் அக்கா! எங்கட வாப்பா மௌத்தானப்ப அவர்ட கடன்காரன் கூட இவ்வளவு சந்தோசமா கடிதம் போடல்ல.”

“வாயை மூடிக்கொண்டு மிச்சத்தை வாசி,” என்றார் குணேஸ்வரி.

குணேஸ்வரியைத் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. இருபத்திரண்டு வருடம் காப்புறுதிக் கம்பனி ஒன்றில் இருந்து, இழப்பீடு கேட்டு வந்தவர்களுக்கெல்லாம் ‘இல்லை’ என்று எழுதிய கை அது. ‘இல்லை’ என்பதை எத்தனை விதமாக எழுதலாம் என்பதில் அவரை மிஞ்சக் கிழக்கு மாகாணத்தில் ஆளில்லை. ஓய்வு பெற்றபின் என்ன தோன்றியதோ, இப்போது மற்றவர்கள் எழுதிய ‘இல்லை’களை உடைப்பதுதான் தொழில். திருகோணமலை டவுனில் ஒரு பாமசிக்கு மேலே அறை, அதில் மூன்று கதிரை, ஓர் அலுமாரி. கீழே வாசலில் நஸ்ரியின் ஆட்டோ. நஸ்ரி கிண்ணியாக்காரன், வயது நாற்பத்தொன்று, மூன்று பிள்ளைகளின் தகப்பன். ஆட்டோ ஓட்டுவது பிழைப்பு, அக்காவோடு துப்பறியப் போவது ஆசை. வாயைக் கட்டுகிற கலை மட்டும் அவனுக்கு இன்னும் பிடிபடவில்லை.

மூன்றாவது கதிரையில் இருந்தவர் சின்னப்போடி. இலங்கைத்துறையில் இருந்து விடியற்காலை பஸ் ஏறி வந்தவர். அறுபது வயது. கூலர் லொறி ஒன்று வைத்து மீன் ஏற்றுகிறவர். வாங்கிப் பதினொரு மாதத்தில் லொறியின் டீசல் பம்ப் கையை விரித்துவிட்டது. வொறண்டி என்கிற உத்தரவாதம் இரண்டு வருடம். கம்பனியோ, பம்ப் பழுதானதற்குக் காரணம் டீசலில் நூற்றுக்கு நாற்பது மண்ணெண்ணெய் கலந்திருந்ததுதான் என்று கொழும்பு ஆய்வுகூட அறிக்கையோடு கடிதம் அனுப்பிவிட்டது.

“கடைசி வரியையும் வாசியுங்க தம்பி,” என்றார் சின்னப்போடி.

“பிரதி: கடற்றொழிலாளர் சங்கம், இலங்கைத்துறை.”

“லொறி வாங்கேக்க சங்கம்தான் எனக்குச் சிபாரிசுக் கடிதம் தந்தது. அதுக்காக அவங்களுக்கும் ஒரு பிரதியாம்.” அவர் குணேஸ்வரியின் பக்கம் திரும்பினார். “தங்கச்சி, சங்கத்து மண்ணெண்ணெய்க் களஞ்சியத்துப் பூட்டுத் திறப்பு பதினெட்டு வருசமா என்ட இடுப்பில கிடக்கு. ஊரில ஓடுற போட் எஞ்சின் முழுக்க அந்த எண்ணெயிலதான் ஓடுது. இப்ப என்ன கதை நடக்குது தெரியுமா? சின்னப்போடி சங்கத்து எண்ணெயைக் களவெடுத்துத் தன்ட லொறிக்கு ஊத்தியிருக்கான் எண்டு.”

“சங்கம் கூடி விசாரிக்காமல் விடாது. கூட்டம் எப்ப?”

“இண்டைக்குப் பின்னேரம் நாலு மணி. என்னைக் களஞ்சியப் பொறுப்பால நிப்பாட்டிப்போட்டுப் பொலிசுக்கும் போகப் போறாங்களாம். லொறி போனாப் போகட்டும். கள்ளன் எண்ட பேரோட நான் அந்தக் கடற்கரையில எப்பிடி நடக்கிற?” மனிதர் சால்வையால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதே விட்டார்.

குணேஸ்வரி ஆறுதல் சொல்கிற ரகமில்லை, ஆய்வுகூட அறிக்கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

“லொறி எந்த ரோட்டில ஓடுறது?”

“கடற்கரை மணல், பிறகு கிரவல் ரோட்டு, பிறகுதான் தார்.”

“டீசல் பில்டர் கடைசியா எப்ப மாத்தினது?”

“வாங்கி அஞ்சாம் மாசம், கம்பனியிலதான். அதுக்குப் பிறகு ஆறு மாசம் ஓடின பில்டர்.”

குணேஸ்வரி அறிக்கையை நஸ்ரியின் பக்கம் தள்ளினார். “மூண்டாவது வரி.”

“பரிசோதனைக்குக் கிடைத்த பில்டர் சுத்தமானது. தூசோ படிவோ காணப்படவில்லை.”

“என்ர குசினியில தேத்தண்ணி வடி ரெண்டு நாளில கறுத்துப்போகுது. ஆறு மாசம் மண்ணிலயும் கிரவலிலயும் ஓடின லொறியின்ர பில்டர் இவ்வளவு வெள்ளையா இருக்கேலுமோ?”

“அப்ப மாத்திட்டானுகள் அக்கா! புதுப் பில்டர ஒளிச்சு வெச்சு அனுப்பியிரிக்கானுகள். நான் அப்பவே நினைச்சன்.”

“நீ எதையும் அப்பவே நினைக்கிறேல்லை. சின்னப்போடி அண்ணை, நீங்கள் பஸ்ஸில திரும்பிப் போங்கோ. கூட்டத்தில நீங்கள் இல்லாட்டி ஓடிட்டான் எண்டு அதுக்கும் ஒரு தீர்மானம் போடுவாங்கள். நாங்கள் பின்னால வாறம்.”

உட்துறைமுக வீதியில், லொறியை விற்ற சப்த சாகரா மோட்டர்ஸின் கிளை கண்ணாடியும் குளிருமாக நின்றது. வாசலில் ‘உங்கள் முறைப்பாடே எங்கள் வளர்ச்சி’ என்று எழுதிய மரப்பெட்டி. அதன் மூடி எப்போதோ உடைந்துபோக, டவுனில் திரிகிற மான் ஒன்று தலையை உள்ளே விட்டு யாரோ எழுதிப் போட்ட முறைப்பாட்டை நிதானமாக மென்றுகொண்டிருந்தது. காவலாளி பார்த்துக்கொண்டு சும்மா நின்றார்.

“அக்கா, இஞ்ச முறைப்பாட்டை முழுசா எடுத்துக்கொள்ற ஒரே ஆள் இவர்தான்,” என்றான் நஸ்ரி.

வொறண்டி மனேஜர் அர்ஷாக்குக்கு முப்பது வயதிருக்கும். கழுத்தில் டை, முகத்தில் மாறாத சிரிப்பு. திட்டினாலும் அதே சிரிப்புத்தான் வரும் போலிருந்தது. அவருக்குப் பின்னால் ஒரு கேடயம் மினுங்கியது. அதில் ‘உத்தரவாதச் செலவைக் கட்டுப்படுத்திய சிறந்த கிளை’ என்று பொறித்திருந்தார்கள்.

“மேடம், எங்கட ஆய்வுகூடம் பிழை விடாது. இந்த ஏரியாவில எல்லாரும் மண்ணெண்ணெய் கலக்கிறாங்க. போன வருசம் மூணாம் மாசத்துக்குப் பிறகு டீசல் பம்ப் கேஸ் பதினேழு வந்திச்சு. பதினேழிலயும் மண்ணெண்ணெய்!” அவர் பெருமையோடு கேடயத்தைத் திரும்பிப் பார்த்தார்.

“பதினேழுக்குப் பதினேழா?”

“ஒண்டு கூட விலக்கில்ல.”

“லிஸ்ட் பாக்கலாமோ?”

மறைக்கிற மனிதராக இருந்தால் தயங்கியிருப்பார். அர்ஷாக் கேடயம் வாங்கியவர், உடனே பைலைத் திறந்து நீட்டினார். நஸ்ரி குணேஸ்வரியின் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தான். மடத்துச் சகோதரிகளின் வான் ஒன்று. கால்நடை டொக்டர் ஒருவரின் ஜீப். அதற்குக் கீழே ஒரு பள்ளிவாசலின், பிரேதம் ஏற்றுகிற ஜனாஸா வான்.

“யா அல்லாஹ்! மையித்துக் கொண்டுபோற வானுக்குமா மண்ணெண்ணெய் ஊத்தினாங்க? அதில போறவருக்கு என்ன அவசரம்?”

குணேஸ்வரியின் விரல் ஒவ்வொரு வரியாக இறங்கி, கடைசி வரியில் கொஞ்ச நேரம் நின்றது. அங்கே ஆளின் பெயர் இல்லை, வண்டி இலக்கம் மட்டும்தான். அவர் அதைத் தன் கொப்பியில் எழுதிக்கொண்டார்.

“சின்னப்போடியின்ர லொறி உங்கட கராஜ் முற்றத்திலதானே நிக்குது? தாங்கியில டீசல் இருக்கு. அதைச் சோதிச்சுப் பாத்தால் என்ன?”

“ஏலாது மேடம். பொலிசிப்படி பில்டர மட்டும்தான் சோதிப்பம். தாங்கியைச் சோதிக்கோணுமெண்டா கொழும்பில அனுமதி எடுக்கணும். நாப்பத்தஞ்சு வேலைநாள்.”

“கூட்டம் நாலு மணிக்கு.”

“சொறி மேடம்,” என்றார் அர்ஷாக், அதே சிரிப்போடு.

“பில்டரைக் கழட்டி ஆர் கொழும்புக்குப் பார்சல் போடுறது?”

“எங்கட தலைமை மெக்கானிக் ஸைனுலாப்தீன். முப்பது வருசம் கராஜில இருக்கிறார். தங்கமான மனுசன்.”

தங்கமான மனுசன் என்றதுமே நஸ்ரிக்குக் கள்ளன் யாரென்று முடிவாகிவிட்டது. பின்னால் கராஜுக்குப் போகும் வழியில் குணேஸ்வரியின் காதுக்குள், “நான் பேச்சுக் குடுக்கிறன், நீங்க அவர்ட கண்ணைப் பாருங்க” என்றான்.

கண்ணைப் பார்க்க அங்கே அவசியமிருக்கவில்லை. ஸைனுலாப்தீன் மடிப்புக் கலையாத நீலச் சட்டையில் நின்றார். கராஜ் நிலத்தில் ஒரு சொட்டு எண்ணெய் இல்லை. நட்டுக் கழற்றும் சாவிகள் அளவுவாரியாகச் சுவரில் தொங்கின. மேசைக்கடியில் ஒரு வாளியில் நட்டும் போல்ட்டும் ஊறிக்கொண்டிருந்தன. நஸ்ரி தன் வீட்டுக்காரி இதைப் பார்க்கக்கூடாது என்று மனதுக்குள் வேண்டிக்கொண்டான். பார்த்தால் தன் நிலைமை என்னாகும் என்று அவனுக்குத் தெரியும்.

அவன் வாய் திறக்குமுன் குணேஸ்வரி முந்திக்கொண்டார். முன்கவுண்டரில் வாங்கிய பெட்டி பிரிக்காத புதுப் பில்டர் ஒன்றை மேசையில் வைத்தார்.

“நானா,” என்று அண்ணன் முறை வைத்துக் கூப்பிட்டார். “ஒரு உதவி. இதைக் கொழும்புக்கு, உங்கட ஆய்வுகூடத்துக்கு அனுப்ப வேணும். நீங்கள் வழமையாச் செய்யிற மாதிரியே ஒரு பார்சல் போட்டுத் தருவீங்களோ? உங்கட பார்சல் போல ஒழுங்கா ஒருத்தரும் கட்டமாட்டினமாம்.”

கிழவருக்கு முகம் மலர்ந்தது. “அதுக்கென்ன மகள்.”

அர்ஷாக்கும் கையைக் கட்டிக்கொண்டு பின்னால் வந்து நின்றார்.

ஸைனுலாப்தீன் பெட்டியைப் பிரித்துப் பில்டரை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். பெட்டித்தூள் கொஞ்சம் ஒட்டியிருந்தது. ‘ச்சே’ என்று நாக்கைத் தட்டிக்கொண்டே குனிந்து வாளியை இழுத்தார். பில்டரை அதற்குள் அமுக்கி ஒருமுறை ஆட்டினார், எடுத்துப் பார்த்து இன்னொருமுறை, பிறகு மூன்றாவது முறை. உதறி, வெள்ளைத் துணியால் வெளிப்புறம் துடைத்து, பொலித்தீனில் சுற்றி, நாடாவால் கட்டி, முடிச்சுக்கு மேலே ஒரு தட்டுத் தட்டிக் குணேஸ்வரியின் கையில் கொடுத்தார்.

கராஜ் முழுக்க மண்ணெண்ணெய் மணத்தது.

“வாளியில என்ன நானா?” என்று குணேஸ்வரி மெதுவாகக் கேட்டார்.

“மண்ணெண்ணெய்தான். வேற எதில சாமான் கழுவுற?”

“சின்னப்போடியின்ர பில்டரையும் இப்பிடித்தான் கழுவினீங்களோ?”

“அதை ரெண்டு தண்ணி கூடக் கழுவினன் மகள். அவ்வளவு ஊத்தை! கொழும்பில பெரிய பெரிய மனுசர் கையால தொடுற சாமான். ஊத்தையோட அனுப்பேலுமா? நம்மட கிளைக்குத்தானே மரியாதைக் கேடு.”

அர்ஷாக்கின் முகத்திலிருந்த சிரிப்பு முதன்முறையாக இறங்கியது. அந்தக் கடதாசிப் பில்டர் குடித்த மண்ணெண்ணெயைத்தான் கொழும்பில் பிழிந்து அளந்து நூற்றுக்கு நாற்பது என்று கையெழுத்து வைத்திருக்கிறார்கள் என்பது விளங்க அவருக்கு அரை நிமிடம் பிடித்தது. விளங்கியதும் பாய்ந்தது கிழவர் மேல்.

“யாரைக் கேட்டுக் கழுவினீங்க? உங்கள இண்டைக்கே நிப்பாட்டுறன்! எல்லாம் நீங்க செஞ்ச வேலை!”

ஸைனுலாப்தீன் ஒன்றும் விளங்காமல் விழித்தார். பிறகு சுவரில் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருந்த ஒரு கடதாசியைக் காட்டினார். “நீங்க சொன்னதத்தானே சேர் செஞ்ச.”

கொழும்புத் தலைமையகத்தின் சுற்றறிக்கை அது. நஸ்ரி சத்தமாக வாசித்தான். “கிளைகளில் இருந்து வரும் பில்டர்களில் எண்ணெய் ஒழுகி அலுவலக மேசைகள் அழுக்கடைவதால், இனிமேல் அனைத்துப் பாகங்களும் நன்கு கழுவப்பட்ட பின்னரே அனுப்பப்படல் வேண்டும்.” திகதி போன வருடம் மார்ச் மாதம்.

“உங்கட முதலாவது மண்ணெண்ணெய்க் கேஸ் எந்த மாசம்?” என்றார் குணேஸ்வரி.

அர்ஷாக் பைலைப் பார்க்கவில்லை. “ஏப்ரல்,” என்றார். அதோடு அடங்கியிருக்கலாம். ஆனால் கேடயத்தின் நினைவு வந்திருக்க வேண்டும், டையை இழுத்துவிட்டுக்கொண்டார். “மேடம், ஒரு புதுப் பில்டர நனைச்சதால கம்பனி அறிக்கை பொய்யாகாது. கழுவினது வேற, கலந்தது வேற. ரெண்டும் நடந்திருக்கலாம். நான் கொழும்புக்கு எழுதுறன். நாப்பத்தஞ்சு...”

“பதினேழாவது வண்டி ஆரின்ர?”

“எது?”

“உங்கட லிஸ்டில கடைசி வரி. பேர் இல்லாமல் இலக்கம் மட்டும் இருக்கு. அந்த இலக்கத்தை நான் இப்ப கராஜுக்கு வரேக்க பாத்தனான்.”

எல்லோரும் திரும்பினார்கள். மதில் ஓரத்தில், பழுதான வாகனங்களை இழுத்துவருகிற கம்பனியின் சொந்த டிரக், டயரில் காற்றில்லாமல் நின்றது. நெற்றியில் சப்த சாகராவின் பெயர், கீழே அதே இலக்கம்.

அர்ஷாக் பைலைப் புரட்டினார். “நான்... நான் இலக்கத்தைப் பாத்துக் கையெழுத்து வெச்சனான். எங்கட டிரக் எண்டு யோசிக்கல்ல.”

“சொந்த டிரக்குக்கே வொறண்டி இல்லை எண்டு எழுதி, அதுக்குச் சேர்த்துக் கேடயமும் வாங்கியிரிக்கீங்க சேர்!” நஸ்ரிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. “இதுக்குப் பேர்தான் பாரபட்சமில்லாத நீதி.”

“அந்த டிரக் ஓடின அஸ்ஹானை மண்ணெண்ணெய் கலந்தான் எண்டு வேலையால கலைச்சுப் போட்டாங்க,” என்றார் ஸைனுலாப்தீன். “நாலு பிள்ளைக்காரன். அழுதுகொண்டு போனான்.” சொன்னவர் வாளியைப் பார்த்தார். கிழவரின் முகம் அப்படியே செத்துப்போனது. “அல்லாஹ்வே, அதையும் நான்தானே கழுவின.”

குணேஸ்வரி குரலை உயர்த்தவில்லை. “அர்ஷாக், அறிக்கை சரியெண்டால் டீசலில கலப்படம் செய்யிற கம்பனி எண்டு நீங்களே கையெழுத்து வைச்சிருக்கிறீங்கள். பிழையெண்டால் பதினேழு பேரிட்டையும் மன்னிப்புக் கேக்க வேணும். எது வசதியோ அதை எழுதுங்கோ. ஒரு மணிக்கு முன்னம் எனக்கு வேணும். லொறித் தாங்கியை இப்ப என்ர கண்ணுக்கு முன்னால திறவுங்கோ.”

தாங்கியைத் திறந்தார்கள். நஸ்ரி மூக்கை வைத்தான், அர்ஷாக்கும் வைத்தார். சுத்தமான டீசல். ஒரு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது கம்பனி முத்திரையோடு கடிதம் வந்தது. அதில் மண்ணெண்ணெய் கம்பனிக் கராஜில்தான் சேர்ந்தது என்றும், வாடிக்கையாளர் மேல் எந்தப் பிழையும் இல்லை என்றும் எழுதியிருந்தது. கடைசி வரி: ‘தங்களது கோரிக்கை ஏற்றுக்கொள்ளப்படுகின்றது என்பதை வருத்தத்துடன் அறியத்தருகின்றோம்.’

“உண்மையைச் சொல்லியிருக்கிறாங்கள். இருக்கட்டும்,” என்றார் குணேஸ்வரி. “அஸ்ஹானுக்கும் இண்டைக்கே கோல் எடுங்கோ.”

ஆட்டோவில் ஏறப்போனால் பின்சீற்றில் ஸைனுலாப்தீன் ஏற்கனவே உட்கார்ந்திருந்தார், கைகளை மடியில் வைத்துக்கொண்டு. “கடிதம் மட்டும் போதாது மகள். நானும் வாறன். கழுவினது நான், நான்தான் சொல்லோணும்.”

கிண்ணியாப் பாலம் தாண்டி, மூதூர் தாண்டி, ஈச்சிலம்பற்றுக் கிரவலில் குலுங்கி இலங்கைத்துறைக்குப் போய்ச் சேர நாலு மணி பதினைந்து. வழியெல்லாம் கிழவர் தன் கைகளையே பார்த்துக்கொண்டு வந்தார். நஸ்ரி இரண்டு பகிடி விட்டுப் பார்த்தான், எடுபடவில்லை.

சங்க மண்டபம் நிறைந்திருந்தது. சின்னப்போடி முன்வரிசையில் தனியாக இருந்தார். அவருக்கு இருபக்கமும் கதிரைகள் வெறுமையாகக் கிடந்தன. செயலாளர் சிவகாமிப்பிள்ளை, சின்னப்போடியின் தம்பியின் மனைவி, தீர்மானத்தை வாசித்துக்கொண்டிருந்தார். பதினெட்டு வருடம் சின்னப்போடியின் இடுப்பில் கிடந்த திறப்பு இப்போது மேசையில் இருந்தது.

குணேஸ்வரி கடிதத்தைக் கொடுத்தார். சிவகாமிப்பிள்ளை அதை உரக்க வாசித்தார். பிறகு ஸைனுலாப்தீன் எழுந்து, முன்பின் தெரியாத அத்தனை பேருக்கு முன்னால் கையைக் கூப்பினார்.

“மண்ணெண்ணெய் இவர் ஊத்தல்ல. நான் பில்டரைக் கழுவின மண்ணெண்ணெய் அது. ஊத்தையோட அனுப்பினா மரியாதை இல்லயெண்டு கழுவினன். இந்த மனுசன்ட மரியாதைதான் போய்ட்டு. என்னை மன்னிச்சுக்கொள்ளுங்க.”

சின்னப்போடி எழுந்துவந்து அவருடைய கூப்பிய கைகளைப் பிடித்து இறக்கிவிட்டார். “நீங்க ஏன் நானா... நீங்க தெரியாமச் செஞ்சீங்க.”

அதற்குப் பிறகுதான் சத்தம் கிளம்பியது. ‘நான் அப்பவே சொன்னனான்’ என்று நாலு பேர். ‘சின்னப்போடி அண்ணன் அப்பிடிச் செய்வாரா’ என்று பத்துப் பேர். கைதட்டலும் விழுந்தது. சிவகாமிப்பிள்ளை கண்ணைத் துடைத்துக்கொண்டு திறப்பை எடுத்து நீட்டினார். “மச்சான், பிடியுங்கோ. எங்களுக்கு இப்ப ஒரு சந்தேகமும் இல்லை.”

சின்னப்போடி திறப்பை வாங்கவில்லை.

“இவர் வந்திருக்காட்டி?” என்று ஸைனுலாப்தீனைக் காட்டிக் கேட்டார்.

சிவகாமிப்பிள்ளை நீட்டிய கையை மெல்லப் பின்னுக்கு எடுத்தார்.

“நான் எடுக்கயில்ல எண்டு மூண்டு கிழமையா வீடு வீடாச் சொல்லித் திரிஞ்சன். ஒருத்தரும் நம்பல்ல. முன்பின் தெரியாத மனுசன் வந்து ஒரு வார்த்தை சொன்ன உடனே நம்புறீங்க. பதினொரு மாசத்தில பழுதாப்போன பம்புக்கு ரெண்டு வருச வொறண்டி இருக்கு. பதினெட்டு வருசம் ஒரு போத்தல் எண்ணெய் குறையாம அளந்த எனக்கு உங்களிட்ட ஒரு நாள் வொறண்டியும் இருக்கல்ல.”

நஸ்ரி வாயைத் திறந்தான். வழமையாக அந்த இடத்தில் ஏதாவது ஒன்று வந்து விழும். இன்றைக்கு வரவில்லை. பக்கத்தில் குணேஸ்வரி தலையைக் குனிந்துகொண்டிருந்தார். அக்கா இருபத்திரண்டு வருடம் எழுதிய கடிதங்களை நினைக்கிறார் என்று அவனுக்குப் பட்டது. பாவமாக இருந்தது.

சின்னப்போடி சால்வையை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, ஸைனுலாப்தீனின் கையைப் பிடித்தார். “வாங்க நானா, வீட்ட போய்த் தேத்தண்ணி குடிப்பம்.” இருவரும் வெளியே போனார்கள்.

சிவகாமிப்பிள்ளை திறப்பை மேசையில் திரும்ப வைத்தார். நாளைக்கு விடியக் கடலுக்குப் போக எல்லோருக்கும் எண்ணெய் வேண்டும். “திறப்பை ஆர் எடுக்கிறது?” என்று பின்வரிசையில் யாரோ கேட்டார்கள். அதை எடுக்க அந்த மண்டபத்தில் ஒருவருக்கும் கை வரவில்லை.